நிறுத்த அனுமதி

விண்மீன் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளி வாசலில் இத்தனை வருஷத்தில் எந்தக் குழந்தைக்கும் அடிபட்டதில்லை. அதற்காக யாரும் குழு அமைக்கவில்லை, யாரும் யாருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை. போன ஆவணியில் தாளாளர் கந்தவேலின் புதுக் காருக்கு அடிபட்டது. உடனே பாதுகாப்பு வந்துவிட்டது.

அடி என்றால் பெரிய அடி இல்லை. பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு மொபெட்டில் கட்டியிருந்த பால் கேன், காரின் வெள்ளைக் கதவில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டது. கந்தவேல் அந்தக் கோட்டின் எதிரே துக்கம் கேட்க வந்தவர்போல் நெடுநேரம் நின்றார். அன்று சாயங்காலமே பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: "பச்சிளங் குழந்தைகளின் உயிர் விஷயத்தில் நிர்வாகம் இனியும் கைகட்டி வேடிக்கை பார்க்காது."

பள்ளி இருப்பது வெண்ணந்தூர்ப் பிரிவைத் தாண்டி, சேலம் ரோட்டின் மேலேயே. முட்டை லாரியும் மரவள்ளிக்கிழங்கு லாரியும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கிற சாலை. ஆனால் அந்தச் சாலையை யாரும் நடந்து கடக்க வேண்டியிருக்கவில்லை. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பாலத்துக்கு அடியில் வண்டியைத் திருப்பிப் பள்ளி வாசலுக்கே வந்துவிடலாம். மதில் ஓரத்தில் இரண்டு வேப்பமரங்கள், கொஞ்சம் மண்தரை. அங்கே வண்டியை நிறுத்தினால் பிள்ளை இறங்கி, கேட்டுக்குள் ஓடிவிடும். யாரும் உட்கார்ந்து திட்டம் போடாமல் தானாக அமைந்த ஏற்பாடு அது. ஒழுங்காக நடந்ததற்கு அதுதான் காரணம்.

இப்போது திட்டம் போட ஆள் வந்துவிட்டது. 'பள்ளிச் சுற்றுவட்டாரச் சாலைப் பாதுகாப்பு மற்றும் வாகன நிறுத்த ஒழுங்குக் குழு' என்று பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாம். தலைவர் கந்தவேல். செயலாளர் வேலுமணி, ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. எந்தத் துறையில் ஓய்வு பெற்றார் என்பதை அவர் சொன்னதில்லை. கேட்டால் "எல்லாத் துறையும் ஒண்ணுதானுங்களே" என்பார்.

திறப்பு விழாவில் கந்தவேல் பேசினார். திருச்செங்கோட்டிலிருந்து போர் வண்டி கொண்டுபோய் வடக்கே பூமியைத் துளைத்துச் சம்பாதித்தவர் அவர். பள்ளிக்கூடம் அதற்கப்புறம் தோன்றிய யோசனை.

"எண்ணூறு அடி ஓட்டியும் தண்ணி வரலைன்னா மூட்டை கட்டிக்கிட்டு வாரவன் இல்லீங்க நானு. பாறை வந்தாலும் போட்டுக்கிட்டே இருப்பேன். இந்தப் பாதுகாப்பும் அப்படித்தானுங்க. பெத்தவங்க தாங்கற வரைக்கும் போட்டுக்கிட்டே இருப்போம். எனக்குன்னு நான் எதும் கேக்கலீங்க. வாசல்ல நாலு காரு நிக்கற எடம். அதுகூட எனக்கில்லீங்க, குழுவுக்கு. குழுவு வந்து நின்னாத்தானுங்களே பாதுகாப்பு?"

கைதட்டினார்கள். மறுநாள் வேப்பமர நிழலில் 'பாதுகாப்புக் குழு வாகனங்கள் மட்டும்' என்று சங்கிலி போட்டாகிவிட்டது. பெற்றோர் வண்டிகளுக்கு வேறு இடம் தரப்பட்டது. சாலைக்கு அந்தப் பக்கம், கந்தவேலின் மைத்துனருடைய மரவள்ளிக் காட்டில். அதாவது, பிள்ளைகளை வண்டிகளிடமிருந்து காப்பாற்றுவதற்காக, இனி எல்லாப் பிள்ளைகளும் தினமும் இரண்டு வேளை சேலம் ரோட்டை நடந்து கடக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நசுருல்லா வருகிறார். வெண்ணந்தூர்க் கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். எழுதிப் போட்ட எதற்கும் கீழ்ப்படிகிற ஆள். ரயில்வே கேட் மூடியிருந்தால் எல்லோரும் குனிந்து நுழைந்து போக, இவர் மட்டும் எக்ஸ்எல் வண்டியை அணைத்துவிட்டு ரயில் வரும்வரை நிற்பார். அவருடைய ஒரே மகள் அஸ்பியா விண்மீனில் இரண்டாம் வகுப்பு. பள்ளிப் பேருந்து கடைவீதிக்குள் நுழையாது என்பதால் இவர்தான் கூட்டிப்போய் விடவேண்டும்.

வாசலில் நட்ட பெரிய பலகையை முதல் நாளே முழுதாகப் படித்த பெற்றோர் அவர் ஒருவர்தான். பலகை எழுத ஆள் தேடியபோது கந்தவேல் தனக்குத் தெரிந்த லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து ஒரு பெயின்டரைக் கூட்டிவந்திருந்தார். இருபது வருஷமாக லாரிக்கு எழுதிய கை. 'அமைதி மண்டலம். ஹாரன் அடிக்காதீர்' என்று அழகாக எழுதியது. இரண்டு ஓரத்திலும் தாமரைப் பூ போட்டது. நடுவில் ஒரு ஜோடிக் கிளி. கடைசியில், லாரிக்குப் பின்னால் எழுதி எழுதிப் பழகிப்போன தோஷம், அடியில் மஞ்சள் எழுத்தில் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதி, அதற்கு நிழலும் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

நசுருல்லா வேலுமணியிடம் போய்த் தயக்கத்துடன் கேட்டார்.

"ஏனுங்க சார், மேல அடிக்காதீங்கன்னு இருக்குது. கீழ அடிங்கன்னு இருக்குது. எத நாங்க கடைப்பிடிக்கறதுங்க?"

வேலுமணி பலகையை அப்போதுதான் படித்தார். ஆனால் அதிகாரியாக இருந்தவர் அல்லவா, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"மேல இருக்கறது தமிழ் விதி. கீழ இருக்கறது இங்கிலீஷ் விதி. முரண்பாடு ஒண்ணும் இல்லீங்க பாய். ரெண்டும் அமல்ல இருக்குது."

நசுருல்லா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். இரண்டு விதியில் மேலே இருப்பதைப் பின்பற்றுவது என்று தமக்குள் முடிவு செய்துகொண்டார்.

அடுத்து, பிள்ளைகள் கடக்கச் சாலையில் வரிக்கோடு போடவேண்டும் என்று ஒரு தாய் கேட்டாள். குழு கூடியது. சாலை நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம், அங்கே கோடு போட நமக்கு உரிமை இல்லை, வளாகம் நமக்குச் சொந்தம் என்று வேலுமணி விளக்கினார். ஆகவே கோடு வளாகத்துக்குள் போடப்பட்டது. தலைமையாசிரியை அறையிலிருந்து கொடிக்கம்பம் வரை, பளிச்சென்று, அகலமாக. தினமும் காலை வழிபாடு முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக அதைக் கடந்தார்கள். வலப்பக்கம் பார்த்து, இடப்பக்கம் பார்த்து, மறுபடி வலப்பக்கம் பார்த்து. கடந்து முடித்ததும், நமக்காக நின்ற வண்டிக்காரர்களுக்குத் திரும்பிக் கையசைத்து நன்றி சொல்லவேண்டும். அங்கே எந்த வண்டியும் இல்லை. ஆனாலும் சொன்னார்கள்.

இதில் போட்டி வைத்தபோது அஸ்பியா முதலாவதாக வந்தாள். 'சிறந்த பாதசாரி' என்று ஒரு வில்லை குத்திவிட்டார்கள். அன்று சாயங்காலம் அந்த வில்லையோடு அவள் நிஜச் சாலையைக் கடந்தபோது, கையசைக்க ஒருவரும் நிற்கவில்லை.

"அத்தா, லாரிக்காரங்களுக்கு இது சொல்லித் தரலையா?" என்று கேட்டாள்.

"அவங்க வேற பள்ளிக்கூடம், கண்ணு" என்றார் நசுருல்லா.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. காட்டுச் சேற்றிலிருந்து செருப்பைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்து, சாலை நடுவில் தடுப்புச் சுவர் விட்டிருக்கும் இடைவெளி வரைக்கும் மகளைக் கூட்டிவந்துவிட்டார் நசுருல்லா. அடுத்த பாதியைக் கடக்கக் காத்திருந்தார்கள். ஒரு முட்டை லாரி வருவதைப் பார்த்தார். அதன் பின்னாலிருந்து இன்னொரு லாரி முந்துவதைப் பார்க்கவில்லை. அஸ்பியா ஓரடி எடுத்து வைத்துவிட்டாள். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். அவள் வந்துவிட்டாள். அவள் கையிலிருந்த சாப்பாட்டுப் பை வரவில்லை.

லாரி போனபிறகு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ரோட்டில் தோசையைப் போலக் கிடந்தது. அவர் கடையிலேயே கனமான ரகம் அது. ஆள் ஏறி நின்றாலும் நசுங்காது என்று சொல்லித்தான் விற்பார். அதைக் கையில் எடுத்தபோது அவருக்கு அழுகை வந்தது. மகள் பார்த்துவிடக்கூடாது என்று சாலையைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

அதைக் கொண்டுபோய் வேலுமணியின் மேசைமேல் வைத்தார். வேலுமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

"ஆண்டவன் புண்ணியத்துல ஒண்ணும் ஆகலீங்க சார்."

"அப்ப இது விபத்துல வராதுங்க பாய். பாத்திரச் சேதம். என்னோட முப்பது வருஷ சர்வீசுல ஒரு விபத்தக்கூட நான் பதிவு பண்ணுனதில்லீங்க. எத்தன பேரு கெஞ்சியிருக்காங்க, அடிபட்டவங்களே வந்து அழுதிருக்காங்க. நான் மசியலையே. அப்பறம் இத எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. நெம்ப நல்லா நசுங்கியிருக்குது."

எதற்கு என்று நசுருல்லாவுக்கு மறுவாரம் தெரிந்தது. பள்ளிக் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த டிபன் பாக்ஸ் இருந்தது. 'பெற்றோரின் கவனக்குறைவு' என்று கீழே அட்டை வைத்திருந்தார்கள். அஸ்பியா தன் தோழிகளையெல்லாம் கூட்டிவந்து "இது எங்க அத்தாவோடது" என்று பெருமையாகக் காட்டினாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தச் சம்பவத்தைக் குழு ஆழமாக ஆராய்ந்தது. அன்று அந்த இடைவெளியில் நின்றது இரண்டு பேர். ஒரு பெரியவர், ஒரு குழந்தை. சாலையில் ஆட்கள் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பது யாருக்கும் தெரிந்ததே. குழந்தையைக் குறைக்க முடியாது, அது பள்ளிக்கு வந்தாகவேண்டும். ஆகவே பெரியவரைக் குறைப்பது என்று முடிவாயிற்று. இனிமேல் பெற்றோர் காட்டிலேயே நின்றுகொள்ள வேண்டும். பிள்ளைகள் தாமாகவே சாலையைக் கடந்து வரவேண்டும். வாட்ச்மேன் சுப்பையன் கேட்டருகே நின்று விசில் ஊதுவார். 'தன்னம்பிக்கைப் பாதை' என்று இதற்குப் பெயர் வைத்து, ஒன்றாம் தேதியிலிருந்து அமல் என்றார்கள்.

வாட்ஸ்அப்பில் இதைப் படித்ததும் நசுருல்லாவின் மனைவி கௌசியா கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தாள்.

"டப்பா கெடந்த எடத்துல புள்ள கெடந்திருக்கும். அத நெனச்சு எனக்கு இன்னும் சோறு எறங்கல. இவங்க தனியா அனுப்பச் சொல்றாங்க. இங்க பாருங்க, வாசல்ல எறக்கி விடறதா இருந்தா கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி அவ ஊட்டோட இருக்கட்டும்."

"படிப்புப் போயிருமே கௌசி."

"உசுரு இருந்தாத்தானே படிப்பு. போயிப் பேசுங்க. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துராதீங்க."

பேசுவதற்குக் குழுவின் கூட்டத்துக்குத்தான் போகவேண்டும். பெற்றோருக்கு அதில் ஆளுக்கொரு வாக்கியம் பேச அனுமதி உண்டு. நசுருல்லா முன்னாலேயே போய் வேலுமணியைப் பார்த்தார். வாசலில் வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்திக்கொள்ளக் கேட்கப் போவதாகச் சொன்னார்.

வேலுமணி பதறிப்போய்க் கையை உயர்த்தினார்.

"அந்த வார்த்தைய உள்ள வந்து சொல்லிப்போடாதீங்க பாய்! போன கூட்டத்துலயே தீர்மானம் போட்டாச்சு. வாசல்ல வண்டிங்கற பேச்சுக்கே எடமில்லைன்னு."

"அதனாலதானுங்க கேக்கலாம்னு..."

"பேச்சுக்கே எடமில்லைன்னா பேச்சுக்கே எடமில்லீங்க. வண்டின்னு வாயெடுத்தா அங்கயே உக்காத்தி வெச்சிருவாங்க. வாகனம்னாலும் அதேதான். வேற எப்படி வேணும்னாலும் சொல்லிக்குங்க. தலைவர் தங்கமான மனுசரு. பக்குவமாக் கேட்டா மாட்டேன்னு சொல்லமாட்டாரு."

நசுருல்லா இரவெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைச் செதுக்கினார். வண்டி இல்லாமல் வண்டியை நிறுத்துவதாகச் சொல்லவேண்டும். சுலபமில்லை. கடையில் அண்டாவுக்குப் பேர் வெட்டிக்கொண்டிருக்கும்போதும் அதையே முணுமுணுத்தார்.

கூட்டம் குளிர்சாதன அறையில் நடந்தது. வேப்பமரத்தடியில் குழுவின் கார்கள் நின்றன. அவர் முறை வந்தது. எழுந்து, கையைக் கூப்பி, மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னார்.

"எம்புள்ள அஸ்பியாவ வாசலோடவே நிறுத்திக்கறனுங்க, அதுக்கு மட்டும் நீங்க அனுமதி குடுக்கோணுமுங்க."

கந்தவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாய் சொன்னதக் கேட்டீங்களா? நிறுத்திக்கறாராம். வாசலோடயே நிறுத்திக்கறாராம். உள்ளாரக்கூட வரலையாம்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நானும் பாக்கறேன், பெத்தவங்க வந்தா அதைக் குடு, இதைக் குடுன்னு கேக்கறாங்க. நம்ம சிரமத்தப் புரிஞ்சுக்கிட்டு தானா வந்து நிறுத்திக்கறேன்னு சொன்ன மொத ஆளு நீங்கதானுங்க பாய். குடுத்தேன் அனுமதி!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நசுருல்லாவுக்கு அந்தக் கைதட்டல் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஒரு நிமிஷம் எக்ஸ்எல் வண்டியை நிறுத்துவதற்கு இவ்வளவு கைதட்டலா என்று யோசித்தார். ஆனால் பெரிய மனிதர்கள், அவர்கள் பெருந்தன்மையை அவர்களே கொண்டாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனார். பேசிவிட்டு வந்த புருஷனைக் கௌசியா அன்று புது மனிதனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மறுநாள் பள்ளியில் தோரணம் கட்டியிருந்தது. சேலத்தில் ஏதோ ஒரு சாலைப் பாதுகாப்புச் சம்மேளனம், வாகன நெரிசலைக் குறைத்த முன்மாதிரிப் பள்ளி என்று விண்மீனுக்கு விருது கொடுக்கிறது, அதற்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார் என்றார்கள். நசுருல்லா பாலத்துக்கு அடியில் திரும்பி, வாசலை நோக்கி வண்டியை விட்டார். சுப்பையன் விசிலை வாயிலிருந்து எடுத்தார். தடுக்கவில்லை. சங்கிலியை அவிழ்த்து விட்டார்.

"வாங்க பாய், உங்களுக்கு இன்னைக்கு அனுமதி இருக்குதுங்க. பேரச் சொல்லியிருக்காங்க. நெழல்லயே நிறுத்திக்குங்க."

வேப்பமர நிழலில், கந்தவேலின் காருக்குப் பக்கத்தில், நசுருல்லா வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். அஸ்பியா குதித்து இறங்கினாள்.

"அத்தா, இங்கயே நிறுத்திட்டீங்க!"

"ஆமா கண்ணு. இனி தெனமும் இங்கதான்."

அவள் பையை மாட்டிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினாள். சுப்பையன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"நீ இங்கயே நில்லு சாமி. அத்தா மட்டும் உள்ள போயிட்டு வரட்டும்."

அலுவலகத்தில் மலர்விழி என்ற எழுத்தர் ஒரு தாளை நீட்டினாள். நசுருல்லா வண்டி நிறுத்தும் அனுமதி அட்டை என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கினார். மாற்றுச் சான்றிதழ் என்று தலைப்பில் இருந்தது. மாணவியின் பெயர் அஸ்பியா. பள்ளியை விட்டு நிறுத்தக் காரணம் என்ற இடத்தில், 'சாலைப் பாதுகாப்பு'.

நம் பக்கத்தில் வண்டியையும் நிறுத்தலாம், பிள்ளையையும் நிறுத்தலாம். இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான். வண்டியை விட்டுவிட்டுப் பேசினால் மிச்சமிருப்பது பிள்ளை என்பது அந்த மனிதருக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

அவர் ஓடிப்போய் மேடையருகே நின்ற கந்தவேலைப் பிடித்தார். தாம் சொன்னது வண்டியை என்று அவரிடம் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். "வண்டிங்க! வண்டிய நிறுத்தறதச் சொன்னனுங்க! புள்ளைய இல்லீங்க!" என்று கத்தினார். கந்தவேல் அவர் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். கோபிக்கவில்லை. அதுதான் கொடுமை.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க பாய். தப்பாத்தான் எடுத்துக்கிட்டோம். ஆனாப் பாருங்க, ஒரு வண்டி கொறஞ்சிருச்சுன்னு நேத்தே சேலத்துக்கு எழுதிப்போட்டோம். நெரிசல் கொறைஞ்சதுன்னு விருதே அதுக்குத்தானுங்களே குடுக்கறாங்க. இன்னைக்கு உங்க புள்ளைய மறுபடி சேர்த்தா அந்த வண்டி திரும்ப வந்துருமில்ல? விருந்தாளிய வெச்சுக்கிட்டு நான் பொய் சொன்னவனா ஆகோணுமா? நீங்களே சொல்லுங்க."

"எம்புள்ள படிப்புங்க..."

"அண்ணனாட்டம் சொல்றனுங்க, கேளுங்க. உங்க கடைவீதியிலயே அரசாங்கப் பள்ளிக்கூடம் இருக்குது. ரோட்டத் தாண்ட வேண்டியதில்ல. புள்ள நடந்தே போயிரும். இந்த லாரிக்கெல்லாம் நடுவுல எங்க பள்ளிக்கூடத்துக்கு எதுக்குங்க அனுப்பறீங்க? எம்புள்ளைகளையே நான் ஏற்காட்டுல ஆஸ்டல்லதான் போட்டிருக்கேன்."

மைக்கில் அவர் பெயரைச் சொன்னார்கள். அவர் மாலைக்குத் தலையைக் குனிந்துகொண்டே மேடையேறினார்.

நசுருல்லா வெளியே வந்தார். கேட்டுக்கு வெளியே, சங்கிலிக்குப் பக்கத்தில், சுப்பையன் நிற்கச் சொன்ன அதே இடத்தில் அஸ்பியா நின்றுகொண்டிருந்தாள். வில்லை சட்டையில் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார்.

வேலுமணி ஓடிவந்தார். சிறப்பு விருந்தினர் மேடையிலிருந்து பார்க்கிறார், ஒரு வண்டி பாதுகாப்பாக வெளியேறுவது எப்படி என்று காட்டிவிடலாம் என்றார். சுப்பையன் விசில் ஊதினார். குழு உறுப்பினர்கள் சிவப்புக் கொடியோடு சாலையில் இறங்கினார்கள். சேலம் ரோட்டில், பள்ளிக்கூடம் கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரு பிள்ளைக்காக லாரிகள் நின்றன. முட்டை லாரி நின்றது. கிழங்கு லாரி நின்றது. அதன் பின்னால் போர் வண்டி, அதன் பின்னால் கண்ணுக்கு எட்டியவரை வண்டிகள். புகைப்படக்காரர் முன்னால் ஓடினார்.

"அத்தா, பாருங்க, லாரியெல்லாம் நிக்குது! இனிமே தெனமும் இப்படி நிறுத்துவாங்களா?"

"நம்மளத்தான் நிறுத்திப்போட்டாங்களே கண்ணு. இனி எதுக்கு லாரிய நிறுத்தறாங்க?"

வண்டி பலகையைக் கடந்தது. தாமரை, கிளி, அடியில் மஞ்சள் எழுத்து. இந்தப் பள்ளி எழுதிப் போட்ட எல்லா விதிகளையும் நசுருல்லா கடைப்பிடித்திருந்தார். ஒன்று மட்டும் பாக்கி. அவர் கட்டைவிரலை ஹாரனில் வைத்து அழுத்தினார். எடுக்கவில்லை.

எக்ஸ்எல் ஹாரன் பெரிய சத்தமில்லை, ஆட்டுக்குட்டி கத்துவதுபோல்தான் இருந்தது. ஆனால் நேரமாகிறதென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த முட்டை லாரி டிரைவர், இவர் பார்த்த பலகையைத் தானும் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்து தாய்மொழி மாதிரி. ஏர் ஹாரனை இழுத்துப் பிடித்தார். கிழங்கு லாரி சேர்ந்துகொண்டது. போர் வண்டி சேர்ந்துகொண்டது. மேடையில் கந்தவேல் "இந்த அமைதி மண்டலத்துல..." என்று வாயைத் திறந்தது தெரிந்தது. அதற்கப்புறம் வாய் மட்டும்தான் தெரிந்தது. வேலுமணி காதைப் பொத்திக்கொண்டு பலகையைத் தன் உடம்பால் மறைக்கப் பார்த்தார்.

நசுருல்லா ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே வெண்ணந்தூர்ப் பக்கம் திரும்பினார். பின்னால் உட்கார்ந்திருந்த அஸ்பியா, பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, தனக்காக நின்ற லாரிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் கையசைத்து நன்றி சொல்லிக்கொண்டே போனாள்.